பட்டிக்காட்டான் என்கிற ஈச்சம்பட்டி மலையாண்டி

ஒருவனைப் பட்டிக்காட்டான் என்று திட்டுவதற்கு முன்னால், திட்டுகிறவன் தன் பாட்டன் எந்தப் பட்டியிலிருந்து மூட்டை முடிச்சோடு கிளம்பி வந்தான் என்று கொஞ்சம் யோசித்தால், புதுக்கோட்டை டவுனில் பாதிப் பேர் வாயைத் திறக்க முடியாது. யார் யோசிக்கிறார்கள்? எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. என் சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். அந்தக் காலத்தில் அங்கே கரண்ட் கிடையாது, பஸ் வந்தால் வந்தது, கருவாட்டு வாசம் மட்டும் தவறாமல் வரும். ஆனாலும் நான் பட்டினத்துக்காரன். பட்டிக்கும் பட்டினத்துக்கும் நடுவே ‘னம்’ என்று இரண்டே எழுத்து. அந்த இரண்டு எழுத்துக்கு இந்த ஊரில் அவ்வளவு மவுசு.

என் பெயர் கிபாயத்துல்லா. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கயிற்றுக்கடை பாய் என்றால் தெரியும். மூக்கணாங்கயிறு, பிடிகயிறு, சலங்கை, கழுத்துமணி எல்லாம் என்னிடம் கிடைக்கும். கடை இருந்தது மாட்டுப் பவுண்டுக்கு நேர் எதிரே. தெருவில் அலைகிற மாட்டையும், பிறத்தியார் வெள்ளாமையில் வாய் வைத்த மாட்டையும் பிடித்து வந்து அந்த நாலு சுவருக்குள் அடைப்பார்கள். சொந்தக்காரன் வந்து, அடையாளம் சொல்லி, அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு போக வேண்டும். யாரும் வராவிட்டால் ஏலம். மாட்டை மீட்கிறவன் வெளியே வந்ததும் முதல் காரியமாகப் புதுக் கயிறு வாங்குவான். பழைய கயிறு அறுந்ததால்தானே அது அங்கே வந்தது? இடம் பார்த்துக் கடை போட்டவர் என் வாப்பா. விவரமான மனிதர்.

பவுண்டுக்குக் காவலர் ஆவுடையப்பன். முன்பு அரண்மனைக் குதிரை லாயத்தில் சேவகம் பார்த்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய், நாங்கள் எல்லாரும் திருச்சி ஜில்லாவின் ஒரு மூலையாகிப் போனபோது அவருக்கு இந்த வேலை கிடைத்தது. குதிரையிலிருந்து மாட்டுக்கு இறங்கினால் மனுஷன் மனசு என்ன பாடு படும், சொல்லுங்கள். அரண்மனையில் கட்டின அதே தலைப்பாகையைப் பவுண்டிலும் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார். மாடுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வெளியூர் ஜனங்கள் அந்த இடத்தைப் பட்டி என்றுதான் சொல்வார்கள். “எம் மாடு பட்டியில இருக்குங்களா?” என்று எவனாவது கேட்டுவிட்டால் ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்துவிடும். “பட்டி ஒங்க ஊருல. இது பவுண்டு” என்பார். கேட்டவன் பவுண்டு என்று திருத்திச் சொல்லும்வரை மாடு வெளியே வராது.

பட்டி என்றால் அப்படி என்ன கெட்ட வார்த்தை? ஆடு மாடு அடைக்கிற இடம். மேய்க்கிறவன் காட்டில் பட்டி போட்டான். பட்டிக்குப் பக்கத்தில் குடிசை போட்டான். குடிசைகள் சேர்ந்து ஊராயின. ஊருக்கு வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அதையும் பட்டி என்றே விட்டுவிட்டான். இது நானாகச் சொல்வது. படித்தவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வேன். கட்டுக்காவல் இல்லாமல் கண்ட இடத்தில் மேய்கிற மாட்டுக்கும் பட்டி மாடு என்றுதான் பெயர். பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றிய மலையாளத்துக்காரர் ஒருவர், தங்கள் ஊரில் பட்டி என்றால் நாய் என்றார். அதை மட்டும் நான் ஆவுடையப்பனிடம் சொல்லவில்லை. அவருக்கு அது அல்வாவாக இருந்திருக்கும்.

இப்பேர்ப்பட்டவர் தன் ஒரே மகள் செவந்தியைக் குடுமியான்மலைக்கு மேற்கே ஈச்சம்பட்டியில் கொடுத்தார். விரும்பியா கொடுத்தார்? அவர் பெண்சாதிக்குப் பிறந்த ஊர் அது. அந்த அம்மாள் கண்ணை மூடுகிறபோது, “எங்கண்ணன் மகனுக்குத்தான் செவந்தி” என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் மகன்தான் மலையாண்டி.

ஆள் ஆறடி, பேச்சு அரையடி. கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டுவான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்பதை நாம்தான் உற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலையும் வரகும் போடுவான். மழை பெய்தால் விளையும். பெய்யாவிட்டால் அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டான்.

கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்தவன் பெண்ணை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “பட்டிக்காட்டான் முட்டாய்க்கடையப் பாத்த மாதிரி பாக்குறான் பாரு!” என்றார் மாமனார், பந்தல் முழுக்கக் கேட்கும்படி. பந்தல் சிரித்தது. செவந்தி சிரிக்கவில்லை. “என்னையத்தானே பாத்தாக, நல்லாப் பாக்கட்டுமே” என்று பிற்பாடு என் வீட்டுக்காரி ஹமீதா பானுவிடம் சொல்லியிருக்கிறாள்.

தலைத் தீபாவளிக்கு மலையாண்டி வண்டி கட்டிக்கொண்டு வந்தான். மாமனார் வீட்டு வாசலில் கட்டிப்போட்டிருந்த மாட்டில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய் யாரோ ஒரு வக்கீல் வீட்டுச் செடியைக் கடித்துவிட்டது. ஆவுடையப்பனே அதைப் பிடித்து வந்தார். வீட்டில் கட்டுவார் என்று பார்த்தால், நேராகப் பவுண்டில் அடைத்துவிட்டார். மலையாண்டி வந்து பவுண்டு வாசலில் நின்றான்.

“மாடு யாருது?” என்று கேட்டார், முன்பின் பார்க்காதவர் போல.

“என்னுதுதான் மாமா.”

“அடையாளம்?”

மலையாண்டி நெடுநேரம் யோசித்தான். “மயிலை நெறம். நெத்தியில சுழி. எடது கொம்பு மொனை ஒடிஞ்சது” என்றான்.

“சட்டம்னா சட்டந்தான். மருமகனா இருந்தா என்ன, மகாராசாவா இருந்தா என்ன?” என்று சொல்லி அபராதத்தை வாங்கிக்கொண்டுதான் அவிழ்த்து விட்டார். மலையாண்டி என் கடைக்கு வந்து ஒரு கயிறு வாங்கினான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஐம்பத்தெட்டில் செவந்தி தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ புருஷன் வீட்டார் வந்து அழைத்துப் போவது வழக்கம். ஆவுடையப்பன் முடியாது என்றுவிட்டார். “எம் பேரன் பட்டிக்காட்டுல புழுதியில பொரளணுமா? அவன் வேணும்னா இங்கிட்டு வரட்டும். பவுண்டுல எனக்குக் கூடமாட நிக்கட்டும்.”

நிலத்தை விட்டுவிட்டு, மாமனாருக்குக் கையாளாக வந்து நிற்கிற ஆளா மலையாண்டி? வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரச் சந்தைக்கும் வந்தான். மாமனார் வீட்டில் உட்காருவான். தண்ணீர் குடிப்பான். பிள்ளையைப் பார்ப்பான். செவந்தி கதவோரம் நிற்பாள், இவன் இப்போது கேட்பான், இப்போது கேட்பான் என்று. இவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாரேன் மாமா” என்பான். அவ்வளவுதான். அப்புறம் என் கடைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பான். சும்மா உட்கார்ந்தால் எனக்குத் தொந்தரவு என்று நினைப்பானோ என்னவோ, போகும்போது ஒரு கயிறு வாங்கிக்கொண்டு போவான்.

“மாப்ளே, வீட்டுல எத்தனை மாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ரெண்டு.”

“கயிறு?”

யோசித்தான். “ஒரு கட்டு இருக்கும்” என்றான்.

அதற்குள் சந்தையில் ஒரு பேச்சு அடிபட்டது. ஈச்சம்பட்டியில் அவன் ஆத்தா வேறு பெண் பார்க்கிறாளாம். தை பிறந்ததும் முடித்துவிடுவாளாம். அந்தச் சேதி செவந்தி காதுக்கும் போய், அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஹமீதா பானு மடியில் தலை வைத்து அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஏம்மா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏற வேண்டியதுதானே?” என்றேன்.

“எப்படிப் போவேன் மாமா? எங்கப்பா வாய் ஓயாம பேசுறாக. அவுக வாயே தொறக்க மாட்டேங்குறாக. ‘எம் பொண்டாட்டிய அனுப்புங்க’ன்னு ஒத்தை வார்த்தை. அதைக்கூடச் சொல்லாதவுக பின்னாடி நானாத் துணிய மூட்டை கட்டிக்கிட்டுப் போனா, அப்பன் வீட்டுல வெரட்டி விட்டாகன்னு அந்த ஊரு பேசும். ஓடிப் போயிட்டாள்னு இந்த ஊரு பேசும். கேட்டா வாரேன். கேக்கச் சொல்லுங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்த சந்தையில் மலையாண்டியிடம் அப்படியே சொன்னேன். தலையை ஆட்டினான். உற்றுத்தான் பார்த்தேன், எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த நேரத்தில்தான் போர்டு வந்தது. ஆபீஸ் போர்டெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று அந்தச் சமயத்தில் ஒரு பேச்சு. பெயிண்டர் நாகராசு ஏணியோடு வந்து, பவுண்டு வாசலில் இருந்த பழைய எழுத்தை அழித்துவிட்டு, பெரிதாகக் ‘கால்நடைப் பட்டி’ என்று எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் ஆவுடையப்பன் பார்த்தார்.

“பவுண்டுன்னு எழுதுய்யா!”

“அது இங்கிலீசுங்க.”

“பவுண்டு எங்கய்யா இங்கிலீசு? நான் பேசுறது தமிழுதானே?”

“எனக்கு எழுதிக் குடுத்தது பட்டின்னுதாங்க” என்று நாகராசு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆவுடையப்பன் ஸ்டூலைப் போர்டுக்குக் கீழிருந்து எடுத்து, தள்ளி ஒரு பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். அப்படியும் போகிறவன் வருகிறவனெல்லாம் போர்டை வாசித்துவிட்டு அவரைப் பார்த்தான்.

மறு சந்தைக்கு மலையாண்டி வந்தான். வழக்கம்போல மாமனார் வீடு, தண்ணீர், “வாரேன் மாமா.” பிறகு என் கடை. எதிரே போர்டைப் பார்த்து, “என்னங்க பாய் எழுதியிருக்கு?” என்றான். வாசித்துச் சொன்னேன்.

“பட்டின்னா எழுதியிருக்கு?”

“பட்டின்னுதான் எழுதியிருக்கு.”

“அப்ப மாமாவும் இப்பப் பட்டியிலதான் இருக்காக” என்றான். எழுந்தான். கயிறு வாங்கவில்லை. அப்போதே எனக்கு ஏதோ நடக்கப் போகிறது என்று பட்டது.

நேராக ரோட்டைத் தாண்டிப் போனான். பவுண்டு வாசலில் போட்டிருந்த குறுக்குக் கட்டைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தான். வேப்பமரத்தடியில் ஒரு கிடாரிக்கும் ஒரு எருமைக்கும் நடுவே துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். எருமை அவனை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு அசைபோட ஆரம்பித்தது.

ஆவுடையப்பன் பதறி ஓடினார். “என்னய்யா இது கூத்து? வெளிய வா!”

“என்னைய அடைச்சுருங்க மாமா.”

“என்னது?”

“பட்டிக்காட்டான்னு நீங்கதானே சொல்லுவீங்க. வாரா வாரம் இந்தத் தெருவுல கேப்பாரில்லாமச் சுத்துறேன். நான் பட்டி மாடுதான். அடைச்சுருங்க. எனக்குச் சொந்தக்காரவுக யாராச்சும் இருந்தா வந்து அடையாளம் சொல்லி மீட்டுக்கிட்டுப் போகட்டும். யாரும் வரலைன்னா ஏலத்துல விட்டுருங்க. எடுக்குறதுக்கு எங்காத்தா ஆள் பாத்து வச்சிருக்கு.”

அவன் அதுவரை என் கடையில் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அதற்குள் சந்தைக் கூட்டம் பவுண்டுச் சுவரோரம் கூடிவிட்டது. “மனுசனை அடைக்கச் சட்டத்துல எடமில்லய்யா!” என்று ஆவுடையப்பன் கத்தினார். “பட்டிக்காட்டான் பட்டியில ஒக்காந்தா என்னங்க தப்பு? போர்டே போட்டிருக்கே!” என்று கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான். ஆறடி ஆளைத் தூக்கி வெளியே போடுகிற வயசும் அவருக்கு இல்லை. கட்டையைப் பிடித்தபடி நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பின் சந்துக்கு ஓடினேன். அவர் வீடு அங்கேதான்.

செவந்தி காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சேதியைச் சொன்னேன்.

“அவுகளா? பேசுனாகளா?”

“பேசுனாரும்மா. ஏலம் வரைக்கும் பேசிட்டாரு.”

அவள் எழுந்த வேகத்தில் வெந்நீர்ச் செம்பு உருண்டது. பிள்ளையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் தலையில் சீயக்காய் இருக்க அப்படியே நடந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. கட்டைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். உள்ளே மலையாண்டி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்து யாரும் மிட்டாய்க்கடை என்று சொல்லவில்லை.

ஆவுடையப்பன் மகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, தெரிந்ததைச் செய்தார்.

“மாடு யாருது?” என்றார்.

“என்னுது” என்றாள் செவந்தி.

“அடையாளம் சொல்லு.”

“வாய் பேசாது. வெரட்டினாலும் போகாது. வாரா வாரம் வந்து வாசல்ல நிக்கும். தண்ணி காட்டினாக் குடிக்கும். என்ன வேணும்னு கேட்டா முழிக்கும்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சுழி?”

“தலையில ஒத்தைச் சுழி.”

“நல்லாப் பாத்தியா?”

“ரெட்டைச் சுழியா இருந்தா இந்நேரம் வேற எவளாச்சும் வந்து மீட்டிருப்பாப்பா!”

சந்தையே சிரித்தது. மலையாண்டியும் சிரித்தான். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. குறுக்குக் கட்டையை உருவி எடுத்து ஓரமாக வைத்தார். மலையாண்டி எழுந்து துண்டை உதறி வெளியே வந்தான். நேரே போய்விடுவான் என்று நினைத்தேன். மாமனார் முன்னால் நின்றான்.

“மாமா, எம் பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேன். அனுப்பி வைங்க. நீங்களும் வாங்க.”

“நான் எங்கிட்டுய்யா வர்றது? பவுண்டை யாரு பாப்பா?” என்றார் அவர். பேரனின் தலையில் காய்ந்துபோயிருந்த சீயக்காயைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். அன்று பிற்பகல் பஸ்ஸிலேயே அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

மலையாண்டிக்கு அதற்குப் பிறகு இரண்டு பெண் பிறந்தது. கிணறு வெட்டினான், தண்ணீர் வந்தது. அறுபத்தைந்தில் ஈச்சம்பட்டிக்குக் கரண்ட் வந்தபோது ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம், அவன் மட்டும் நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடலை பிடுங்கப் போய்விட்டானாம். பேச்சு கூடவில்லை. செவந்தியும் அதற்குமேல் கேட்கவில்லை.

அவர்கள் கிளம்பிப் போன அன்றைக்குக் கடை கட்டுகிற நேரத்தில் ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனேன். ஆவுடையப்பன் போர்டுக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கிடாரியை யாரோ மீட்டுப் போய்விட்டார்கள். எருமை மட்டும் நின்றது. டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுல யாருமில்ல பாய்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. “அவ ஆத்தாளும் போயிட்டா. இவளும் போயிருவான்னுதான் அவனை அப்படிப் பேசினேன். வேற என்ன சொல்லி நிறுத்துறது?”

அத்தனை வருஷமாக அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. டீ ஆறுகிறது குடிங்கண்ணே என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சந்தையன்று லீவு போட்டுவிட்டுத் தலைப்பாகை இல்லாமல் கடைக்கு வந்தார். நல்ல கயிறாக ஒன்று வேண்டும் என்றார்.

“எதுக்குண்ணே?”

“பேரனைப் பாக்கப் போறேன். மருமகன் வீட்டுக்கு வெறுங்கையோடயா போறது? அங்கிட்டு மாடு கன்னு இருக்கு, கயிறுன்னா ஒதவும்.”

அந்த வீட்டில் ஒரு கட்டு கயிறு கிடப்பதை நான் சொல்லவில்லை. இருப்பதிலேயே நல்லதைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். கூட்டத்தில் கயிறும் கையுமாகப் படியில் நின்று எந்தப் பக்கம் ஏறுவது என்று தடுமாறினார். கண்டக்டர் சின்ன வயசுக்காரன், இவரைத் தெரியாதவன்.

“யோவ், பட்டிக்காட்டான் மாதிரி வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதய்யா. எந்த ஊரு?”

அரண்மனையில் சேவகம் பார்த்த மனிதர், அவனை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“பட்டிக்காட்டான்தான்யா” என்றார் ஆவுடையப்பன். “ஈச்சம்பட்டிக்கு ஒண்ணு குடு.”